அவங்களுக்குப் பழகிப்போச்சு

எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்கு ட்ரெக் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி: "ட்ரெய்னிங் ஆரம்பிச்சாச்சா?" ஆரம்பிச்சாச்சு. முதுகில் பையை மாட்டிக்கொண்டு அடுக்ககத்தின் படிகளில் ஏறி இறங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பரங்கிமலை, லீவு கிடைத்தால் பர்வதமலை. எந்த ஷூ, எத்தனை ஜோடி சாக்ஸ், எத்தனை டிகிரி குளிர் தாங்கும் தூக்கப்பை என்று சொல்லித்தர யூட்யூபில் ஒரு உலகமே இருக்கிறது. அந்த உலகத்தில் இருப்பது ஒரே ஒரு மனிதர்தான். பணம் கட்டிப் போகிறவர். அவருடைய நுரையீரல், அவருடைய முட்டி, அவருடைய கனவு.

ஆனால் இந்தப் பயணத்தில் யாரும் தனியாகப் போவதில்லை. முன்னால் ஒரு வழிகாட்டி, கூடவே என் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு ஒரு போர்ட்டர். வழக்கமாக இரண்டு பேருடைய பைகளை ஒரு போர்ட்டர் சேர்த்துக் கட்டித் தூக்குவார். அப்படியென்றால், தயாராவது என்பது என் உடம்போடு முடிந்துவிடுகிற விஷயமா?

எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துவரலாமா என்று கேட்டார். இன்னொருவர் கூடுதலாக ஒரு கேமரா லென்ஸ் பற்றிக் கேட்டார். "வெயிட் ஆகுமே" என்று யாரோ தயங்கியதும் உடனே பதில் வந்தது: "அதெல்லாம் ஒண்ணுமில்ல, அவங்களுக்குப் பழகிப்போச்சு."

நமக்கு நன்றாகத் தெரிந்த வாக்கியம்தான். சாக்கடையில் இறங்குகிறவரைப் பற்றி, மே மாத வெயிலில் தார் ஊற்றுகிறவரைப் பற்றி, லிஃப்ட் இருந்தும் படியேறி வரும் வீட்டுவேலை அக்காவைப் பற்றி நாம் இப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம். கொடூரமானவர்கள் சொல்லும் வாக்கியம் இல்லை இது. நல்லவர்கள் தங்கள் சங்கடத்தை ஆற்றிக்கொள்ளச் சொல்வது. அதனால்தான் அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், அது உண்மையா? ஷெர்பாக்களின் உடம்பு தலைமுறை தலைமுறையாக உயரத்துக்கு ஏற்றபடி மாறியிருக்கிறது என்பது அறிவியல் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் கும்பு பாதையில் பை தூக்குகிற பலர் ஷெர்பாக்களே இல்லை. ராய், தமாங், மகர் போன்ற சமூகங்களைச் சேர்ந்தவர்கள், தாழ்வான மலைக் கிராமங்களிலிருந்து சீசனுக்கு வேலை தேடி வருகிறவர்கள். லுக்லா விமான நிலையம் ஏறத்தாழ 2,860 மீட்டரில் இருக்கிறது. நாம்சே பஜார் 3,440. பேஸ் கேம்ப் 5,364. அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். சென்னையிலிருந்து போகிற எனக்கு வரும் மலைநோய் அவருக்கும் வரும். 3,000 மீட்டரைத் தாண்டினால் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்கிற விதி அவருடைய நுரையீரலுக்கும் சேர்த்துத்தான்.

சுமை விஷயத்தில் அவர்கள் நம்மைவிடத் திறமைசாலிகள் என்பது மறுக்க முடியாதது. நாம்சே சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகும் போர்ட்டர்களைப் பற்றி 2005இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதம் தூக்கினார்கள், பெண்கள் 66 சதவீதம். கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, நாம் செலவழிப்பதைவிடக் குறைந்த சக்தியில் அவர்களால் அந்தச் சுமையோடு நடக்க முடிகிறது. வியக்க வேண்டியதுதான். ஆனால் ஒருவரால் தூக்க முடியும் என்பது அவர் மேல் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்குப் பதில் ஆகாது. 'முடியும்' என்பது அவருடைய உடம்பைப் பற்றிய தகவல். 'ஏற்றலாம்' என்பது நான் எடுக்கிற முடிவு. 'பழகிப்போச்சு' என்று சொல்லும்போது என் முடிவை அவர் உடம்பின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

சரி, அப்படின்னா போர்ட்டரே வேண்டாமா? என் பையை நானே தூக்கிக்கொண்டால் மனசாட்சி சுத்தமாகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல குடும்பங்கள் வருஷத்தில் சில மாதங்கள் ஓடும் இந்த வேலையை நம்பி இருக்கின்றன. என் கை சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காக ஒருவருடைய கூலியை இல்லாமல் ஆக்குவதும் என்னை மட்டுமே யோசிக்கிற வழிதான். கேள்வி, சுமையைக் கொடுக்கலாமா என்பதில்லை; எந்த நிபந்தனைகளோடு கொடுக்கிறோம் என்பது.

இதை ஒரு தலைவலியை வைத்துப் பார்க்கலாம். ட்ரெக் போகிறவர்கள் அடிக்கடி செய்கிற ஒரு காரியம், தலைவலியை வழிகாட்டியிடம் மறைப்பது. சொன்னால் ஒரு நாள் நிறுத்திவிடுவார், இல்லையென்றால் கீழே அனுப்பிவிடுவார். கட்டின பணம், எடுத்த லீவு, ஃபோட்டோ எல்லாம் போச்சு. ஆனால் அந்தத் தலைவலி முற்றி மூளை வீங்கினாலோ நுரையீரலில் நீர் கோர்த்தாலோ உடனே கீழே இறங்கியாக வேண்டும். மாத்திரையும் ஆக்சிஜனும் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். ராத்திரியில், பனியில், என்னைத் தாங்கிப் பிடித்துக் கீழே கொண்டுபோகப் போவது யார்? நான் மறைத்த தலைவலிக்கு வேறொருவர் தன் உயிரைப் பணயம் வைக்கிறார்.

போர்ட்டரும் தலைவலியை மறைப்பார். அவருடைய காரணம் வேறு. சொன்னால் அன்றோடு கூலி நின்றுபோகலாம். நோய் வந்த போர்ட்டர்களைக் கணக்கு முடித்துத் தனியாகக் கீழே அனுப்பிய சம்பவங்கள் உண்டு. நோயாளியைத் தனியாக இறங்க விடக்கூடாது என்பதைச் சர்வதேச போர்ட்டர் பாதுகாப்புக் குழு ஒரு விதியாகவே எழுதி வைத்திருப்பது அதனால்தான். ஒரே பாதை, ஒரே வலி, ஒரே மௌனம். நான் உண்மையைச் சொன்னால் இழப்பது ஒரு ஃபோட்டோ. அவர் சொன்னால் இழப்பது வீட்டுக்குக் கொண்டுபோகிற பணம். ஆகவே அவர் உண்மை சொல்ல முடிகிற ஒரு நிலைமையை முன்கூட்டியே உண்டாக்குவது, பணம் கொடுக்கிற என் தயாரிப்பில் ஒரு பகுதி. மலையில் போய் நின்றுகொண்டு அதைச் செய்ய முடியாது. ஊரிலிருக்கும்போதே கேட்டாக வேண்டும்.

நாங்கள் ஃபோட்டோ எடுக்கப்போகும் இடத்துக்கு மேலேதான் கும்பு பனிவீழ்ச்சி இருக்கிறது. 2014 ஏப்ரல் 18 அன்று அங்கே பனிச்சரிவில் 16 நேபாளத் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். சிகரம் ஏறப் பணம் கட்டியவர்களுக்காக வழியமைக்கவும் சாமான் கொண்டுபோகவும் போனவர்கள். எங்களுடையது அவ்வளவு ஆபத்தான பயணம் இல்லைதான். ஆனாலும் ஏற்பாடு அதேதான். ஒருவருடைய ஆசையின் கனத்தை இன்னொருவர் சுமக்கிறார்.

இப்படி யோசித்தால் படி ஏறுவதற்கும் வேறு அர்த்தம் வருகிறது. என்னை நானே நிரூபிக்க ஏறுவது ஒன்று. மேலே போய் இன்னொருவருக்குப் பாரமாகக் கூடாது என்று ஏறுவது வேறு. வேர்வை என்னவோ ஒன்றுதான்.

ட்ரெக் நிறுவனத்துக்கு நான்கு கேள்விகள் அனுப்பினேன். போர்ட்டருக்கு மொத்தம் எத்தனை கிலோ? அவருக்குக் காப்பீடு உண்டா? குளிர் உடுப்பும் படுக்க இடமும் யார் பொறுப்பு? பாதியில் உடம்பு முடியாமல் போனால் முழுக்கூலி கிடைக்குமா? குழுவில் இரண்டு பேர் அலுத்துக்கொண்டார்கள், இதெல்லாம் கேட்டால் ரேட் ஏறும் என்று. ஏறலாம். அந்தப் பாதுகாப்பின் விலையை யாரோ ஒருவர் கொடுக்கத்தானே வேண்டும். இதுவரை அதை அவரே கொடுத்துக்கொண்டிருந்தார்.

பதில் வந்தது. காப்பீடு உண்டு. உடுப்பு, படுக்கை எல்லாம் நிறுவனமே பார்த்துக்கொள்ளும். கூலி பற்றிப் பேச்சே இல்லை. எடைக்கு மட்டும் "வழக்கமாக எவ்வளவோ அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தார்கள். கூலியைப் பற்றியும், வழக்கம் என்றால் எத்தனை கிலோ என்றும் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறேன். லென்ஸ் கேட்ட நண்பர், தன் லென்ஸைத் தானே தூக்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ஸ்பீக்கர் விஷயம் இன்னும் பேசி முடியவில்லை.