ஆயாம்மாவின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

சென்னையில் மயிலாப்பூரிலோ அடையாறிலோ இருந்து வேலைக்குப் போகும் தாய்க்கு, 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் முதல் மகப்பேறு விடுப்பு 26 வாரம் வரை. அது முடியும்போது குழந்தை குப்புற விழுந்து நீந்திக்கொண்டிருக்கும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்ற விதியையும் அதே திருத்தம் கொண்டுவந்தது. சிறிய அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை. பாட்டி ஊரில் இருப்பார், அல்லது உடம்புக்கு முடியாமல் இருப்பார். ஆயா வைத்துக்கொள்வதில் குற்றம் எதுவும் இல்லை. "பிள்ளையை ஆயாகிட்ட விட்டுட்டுப் போறா" என்று தாயை மட்டும் குத்திக்காட்டுவதுதான் குற்றம். தகப்பனை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. நம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருபவரின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்த ஏராளமான குடும்பங்களை 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தெற்கு ஓரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். முன்பு நடந்தே வேலைக்கு வந்த பெண்கள் இப்போது பஸ்ஸை நம்பி வாழ்கிறார்கள். எட்டு மணிக்கு தி. நகரில் இருக்க வேண்டுமென்றால் ஆறரைக்குள் பெரும்பாக்கத்தில் ஏறியாக வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குப் பயணம் இலவசம். காசு மிச்சமாயிற்று, நேரம் மிச்சமாகவில்லை. சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டு, பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஆயாம்மா நம் வீட்டுக்கு வருகிறார். வந்ததும் நம் பிள்ளைக்குப் பருப்பும் நெய்யும் விட்டுச் சோறு பிசைந்து ஊட்டுகிறார்.

"இன்னும் ஒரு அரை மணி நேரம் இருங்களேன், மீட்டிங் முடியலை" என்று போனில் சொல்வது சுலபம். அந்த அரை மணியில் ஒரு பஸ் போய்விடும். வீடு சேர ஒன்பதாகும். கூடுதல் நேரத்துக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும். காசு கொடுத்துவிட்டோம் என்பதால் தினமும் கேட்கும் உரிமை வந்துவிடாது.

"எங்க வீட்ல ஒருத்தர் மாதிரி" என்று பலர் மனதாரத்தான் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும் வீடுகள் சிலவற்றில் ஆயாம்மாவுக்குத் தனி டம்ளர் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள்கூட லீவு இல்லை. உறவு என்று சொல்லிவிட்டால் சம்பள உயர்வைப் பற்றி அவர் வாய் திறக்க முடியாது. குழந்தைமேல் அவர் வைக்கும் பாசம் சம்பளத்தில் சேராதது. அதைக் காட்டியே சம்பளத்தைக் குறைப்பது அநியாயம்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. 2018இல் அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 37 ரூபாயில் தொடங்கியது. அந்த அளவு கொடுத்தால் போதும் என்று அடையாறில் எந்த வீடும் மனசாட்சியோடு சொல்ல முடியாது. வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்துப் பதிய உதவுவது முதலாளியின் வேலை. ஆம், பெற்றோர் இங்கே முதலாளிகள்தான். அந்தச் சொல் கூச்சம் தரலாம், பொறுப்பு மாறாது.

குழந்தையோடு விளையாட ஊரிலிருந்து ஒரு சின்னப் பெண்ணை அழைத்துவருவது பற்றி விவாதமே வேண்டாம். 14 வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் முதல் தடைசெய்யப்பட்டது.

ஆயாம்மாவைக் கண்காணிக்க வீட்டில் கேமரா வைக்கும் விஷயம் அவ்வளவு எளிதல்ல. பேசத் தெரியாத குழந்தையைப் புதியவரிடம் விடும் பெற்றோரின் பயம் நியாயமானது. கேமரா இருப்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அவர் உடை மாற்றும், சாப்பிடும், படுக்கும் இடங்களில் அது இருக்கக் கூடாது. ஒளித்து வைத்துப் பார்ப்பவர்கள், பிள்ளையையே ஒப்படைத்தவரிடம் உண்மையை மறைக்கிறார்கள்.

பலரும் நினைத்துப் பார்க்காதது வேலை முடியும் நாள். பிள்ளை பள்ளியில் சேர்ந்ததும் "அடுத்த மாசத்திலிருந்து வேணாம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மூன்று வருடம் மடியில் வளர்ந்த குழந்தைக்கும் அது அடி, வாடகையும் ஃபீஸும் கட்ட வேண்டியவருக்கும் அடி. எல்கேஜிக்கு விண்ணப்பம் வாங்கும் அன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். வேறு வீடு தேடித் தாருங்கள். பணி செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளமாவது கையில் கொடுத்து அனுப்புங்கள்.