விருந்தும் வீட்டுச் சோறும்

ஒரு குடும்பத்தின் ஒழுக்கத்தை அளக்குங் கோல் யாது என்று வினவின், சிலர் கல்வி என்பர். சிலர் கொடை என்பர். மிகப் பலர் விருந்தோம்பல் என்பர். இவை யாவும் அளவுகோல்களே. ஆயினும் இவற்றினும் நுண்ணிய கோல் ஒன்று உண்டு. அஃது ஒருவரும் வாராத ஒரு சாதாரண நாளிலே அவ்வீட்டு அடுப்பில் இருக்கும் பானையாம். விருந்தினர் வரும் நாளில் எவரும் நன்றாகச் சமைப்பர். விருந்தினர் வாராத நாளில் என்ன சமைக்கப்படுகின்றது, அதனை முதலில் உண்பவர் யார், கடைசியில் உண்பவர் யார் என்பனவே அக்குடும்பத்தின் மெய்யான அறநிலையைக் காட்டுவன. இதனை யான் நூல்களிலே கற்றேனல்லேன். என் வீட்டிலே நாணத்தோடு கற்றேன்.

சில ஆண்டுகளின் முன் எந்தையாரின் திவசம் வந்தது. அன்று நாற்பது பேருக்கு இலை போடப்பட்டது. கறிகள் பதினொன்று, வடை, பாயாசம், தயிர் என்பன வேறு. அதிகாலை நான்கு மணிக்கு நீராடி அடுக்களை புகுந்த என் மனைவியார், பந்திகள் யாவும் எழுந்தபின், பிற்பகல் மூன்றரை மணிக்கு எஞ்சிய சோற்றை ஒரு கோப்பையில் இட்டுக்கொண்டு வாயிற்படியில் அமர்ந்தார். வந்தோர் யாவரும் என்னைப் பாராட்டிச் சென்றனர். யானும் கடமையைக் குறைவறச் செய்து முடித்தேன் என்று உளமகிழ்ந்திருந்தேன். மறுநாட் காலை அவர் கிணற்றடியில் மயங்கி வீழ்ந்தார்.

வைத்தியர் இரத்தத்தைப் பரிசோதித்தார். பெண்களுக்கு ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறையாது இருக்கவேண்டிய ஈமோகுளோபின் இவருக்கு 8 கிராமே இருந்தது. "இது நேற்றைய களைப்பாலே வந்ததல்ல, மாஸ்ரர், பல மாதங்களாக வந்தது" என்று கூறிய அவர், "முந்தநாள் இரவு அம்மா என்ன சாப்பிட்டவர்?" என்று என்னை வினவினார். என்னால் விடை கூற இயலவில்லை. பதினொரு கறிகளின் பெயர்களையும் வரிசை தவறாது சொல்ல வல்லேனாயிருந்தேன். ஆனால் இருபத்தெட்டு ஆண்டுகளாக என்னோடு இல்லறம் நடத்துபவர் இரண்டு நாட்களின் முன் உண்டது யாதென்று அறியேன். மாணாக்கருக்கு ஆண்டுதோறும் அறநூல் கற்பித்தவனுடைய அறிவு அவ்வளவில் நின்றது.

ஆகவே ஈண்டு ஆராயற்பாலதாகிய வினா இதுவாம்: வந்தவரை உண்பித்தல் அறம் என்று யாவரும் உடன்படுவர், வீட்டில் உள்ளவர் நலம்பெற உண்ணும்படி பார்த்தலும் அதனை ஒத்த அறமோ, அன்றி வெறும் வீட்டு வழக்கமோ?

இல்வாழ்வானுக்குரிய கடன்களை எண்ணிய திருவள்ளுவர், பிதிரர், தெய்வம், விருந்து, சுற்றம் என்பவற்றோடு 'தான்' என்பதனையும் ஐந்தாவதாக வைத்தனர். வகுப்பிலே இக்குறளைக் கற்பிக்கும்போது முதல் நான்கையும் விரித்துரைத்துவிட்டு, ஐந்தாவதைத் தன்னலம் போலும் என்று கூசி யாம் விரைந்து கடந்து செல்வதுண்டு. அங்ஙனங் கடத்தல் தவறு. தன்னை ஓம்பாதவன் பிறரை நெடுநாள் ஓம்ப மாட்டான். அன்றியும், இல்லறத்திலே 'தான்' என்பது ஒருவரன்று, இருவர். ஆண்மகன் தன்னை ஓம்பித் துணைவியை மறந்தானாயின், ஐந்தாவது கடனிற் பாதியையே செய்தவனாவன். விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த அப்பெருந்தகையே, அளவறிந்து உண்ணுதலைக் கூறும் மருந்து என்னும் அதிகாரத்தையும் வகுத்தனர் என்பது நினைவுகூரத்தக்கது.

இனி, சரீரத்தை ஆக்குவது விருந்தன்று என்பது கணக்கினாலும் விளங்கும். நாளொன்றுக்கு மூன்று வேளையாக ஆண்டொன்றில் யாம் உண்பது 1095 வேளை. தைப்பொங்கல், வருடப்பிறப்பு, தீபாவளி, திவசம், கலியாண வீடு என எல்லாவற்றையுங் கூட்டினும் விசேட போசனங்கள் ஐம்பதைத் தாண்டுதல் அரிது. எஞ்சிய ஆயிரத்துக்கு மேற்பட்ட வேளைகளே எலும்பையும் இரத்தத்தையும் ஆக்குவன. ஐம்பதில் நாம் காட்டுங் கருத்தில் ஒரு பங்கையாவது அந்த ஆயிரத்திற் காட்டுகின்றோமோ?

நாளாந்தச் சோற்றில் உள்ள சிறிய வேறுபாடு எத்துணைப் பெரிய பயனை விளைக்கும் என்பதற்கு ஒரு வரலாறு கூறுவேன். 1890 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் யாவாத் தீவின் பத்தாவியா நகரிலே ஐக்மான் என்னும் ஒல்லாந்த வைத்தியர், கால் தளர்ந்து மாளச்செய்யும் பெரிபெரி என்னும் நோயை ஆராய்ந்தனர். அவருடைய ஆராய்ச்சிக்கூடத்துக் கோழிகளும் அவ்வாறே கால் தளர்ந்து வீழ்ந்தன. பின்னர் மருந்தொன்றும் இன்றியே குணமடைந்தன. காரணத்தைத் தேடியபோது, இராணுவ வைத்தியசாலை அடுக்களையில் எஞ்சிய, நன்கு தீட்டிய வெள்ளையரிசிச் சோறு அவற்றுக்குச் சில காலம் இடப்பட்டமை தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்துக்குரிய சோற்றைக் கோழிகளுக்குக் கொடுத்தல் தகாது என்று மறுத்துவிட்டார். அதன்பின் அவை தீட்டாத மலிந்த அரிசியைத் தின்று நலம்பெற்றன. உயர்ந்தது என்று மதிக்கப்பட்ட சோறு நோயைத் தந்தது. தாழ்ந்தது என்று ஒதுக்கப்பட்ட அரிசி உயிரைத் தந்தது. தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்தே அதன் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1929 இல் ஐக்மானுக்கு நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது.

இவ்வரலாற்றை யான் இளமையில் ஒரு மிஷன் பாடசாலையிலே கற்றேன். பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் பெற்றேன். அதனை என் வீட்டுப் பானையோடு பொருத்திப் பாராமை கற்பித்தவருடைய குற்றமன்று, என்னுடைய குற்றமே.

நம் முன்னோர் நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குற்றினர். அங்ஙனம் அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே செல்கின்றது. ஆதலாற் குற்றியபின்னும் அது முற்றாக நீங்குவதில்லை. தயமின் என்னும் பெயரை அவர் அறியார். அதன் பயனை உண்டு வாழ்ந்தனர். நாமோ வெண்மையே மேன்மை என்று கருதித் தீட்டிய பச்சையரிசியையும் கோதுமை மாவையும் பாணையும் விரும்புவோமாயினோம். ஆயினும் பழமை யாவும் நன்று என்று யான் கூறுகின்றேனல்லேன். புழுங்கலரிசிச் சோறும் பழமை. பெண்கள் எஞ்சியதைக் கடைசியில் உண்ணுதலும் பழமை. நாம் முன்னையதைக் கைவிட்டுப் பின்னையதைக் காத்துக்கொண்டோம். விடத்தக்கது எது, கொள்ளத்தக்கது எது என்று பகுத்தறிதலே கற்றவர் கடன்.

அந்நிகழ்ச்சியின் பின் எம் வீட்டிற் செய்த மாற்றங்கள் சிலவே. வைத்தியர் தந்த இரும்புச்சத்து மாத்திரைகளோடு, வேலியோரத்து முருங்கையிலை வாரத்திற் பலமுறை வறையாயிற்று; வல்லாரையும் பொன்னாங்காணியும் மாறி மாறி வந்தன. இலைக்கறியோடு தேசிக்காய்ப்புளி சேர்த்தோம். அதிலுள்ள உயிர்ச்சத்து இலைக்கறியின் இரும்பைச் சரீரம் ஏற்றுக்கொள்ள உதவும். உண்டவுடன் தேநீர் அருந்துதல் அதனைத் தடுக்குமாதலால், தேநீரை ஒரு மணிநேரம் பின்தள்ளினோம். சோற்றோடு பருப்போ பயறோ தவறாது சேர்ந்தது. அரிசியிற் குறைந்த புரதக்கூறு பருப்பிலும், பருப்பிற் குறைந்தது அரிசியிலும் உண்மையால் இரண்டும் ஒன்றையொன்று நிறைக்கும். சில காலைகளிற் பாணுக்குப் பதிலாகச் சுண்ணாம்புச்சத்து மிக்க குரக்கன் புட்டு. அரிசியைப் பலமுறை கழுவுதலையும், கீரை அவித்த நீரைக் கொட்டுதலையும் விட்டோம். உப்பு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ் அமைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயும் அப்பளமும் அருகின. இவற்றுள் ஒன்றும் பெருஞ்செலவினதன்று.

எனினும் தலையாய மாற்றம் பானையிலன்று; பாயிலே நிகழ்ந்தது. இரவு உணவை யாவரும் ஒருங்கிருந்து உண்கின்றோம். கறிச்சட்டியை நடுவில் வைத்தபின், இன்னார்க்கு இல்லை என்பது எல்லார் கண்ணுக்குந் தெரியும். எஞ்சியது என்று ஒருவருக்கு ஒதுக்குதற்கு அங்கே இடமில்லை. சமையலிற் பாதியை யான் கற்றுக்கொண்டேன். சொதி இன்னும் திரைந்துபோவதுண்டு. ஆறு மாதங்களின் பின் வைத்தியர் கணக்கு 12 என்று காட்டியது.

அங்ஙனமாயின் விருந்து வேண்டா என்பதோ எனின், அற்றன்று. பொங்கற் பானையைச் சுற்றிப் பிள்ளைகள் நில்லாத வீடு வறண்ட வீடு. விசேட நாளில் மனிதர் ஒருவரையொருவர் தேடிவந்து உண்பதால் உறவு வளர்கின்றது. அந்நலம் எந்த உயிர்ச்சத்திலும் இல்லை. யான் வேண்டுவது, விருந்து நாளாந்த உணவுக்குப் பகையாகாது அதன் பெருக்கமாக அமைதல் வேண்டும் என்பதே. பதினொரு கறிகளில் ஐந்து குறைந்தால் விருந்தினர் குறைகூறார்; சமைப்பவருக்கு இரண்டு மணிநேரம் மிஞ்சும். பொரித்த பலகாரங்களுக்கு ஈடாக மோதகமும் கொழுக்கட்டையும் போன்று அவித்தவற்றைப் பெருக்கலாம். நீரிழிவு உடையவர் இலையிலே, போதும் என்று கைகாட்டிய பின்னும் பாயாசத்தை வார்த்தல் உபசாரமன்று. சமைத்தவர் முதற் பந்தியிலாவது இரண்டாம் பந்தியிலாவது அமரும்படி ஆண்மக்கள் பரிமாறுதல் வேண்டும். பிறரை நிறைவித்தற்கு ஒருவரைப் பட்டினியிருத்தும் விருந்து, ஒரு கையாற் கொடுத்து மறுகையாற் பறிப்பதேயாம்.

வறுமையுற்றோர்க்கு இவ்வுரை பொருந்துமோ என்று வினவுதல் நியாயம். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றதை நாம் மறந்திலேம். அரிசியே இல்லாத வீட்டுக்கு அரிசியின் சத்தைப் பற்றி உபதேசித்தல் கொடுமை. அங்கே வேண்டுவது அறிவுரையன்று, அரிசியே. ஆயினும் உள்ளது சிறிதேயாயினும் அதனை முறையாகப் பங்கிடுதல் வறியவர்க்கும் இயலும். சொல்லப்போனால், அம்முறையை வறிய வீடுகள் பலவற்றில் யான் கண்டிருக்கின்றேன். வசதியுள்ள என் வீட்டிலேதான் அது இல்லாதிருந்தது.

ஆசிரிய நண்பர்களே, இதில் நாம் செய்யத்தக்கது யாது? மாணாக்கரை நோக்கி, "நேற்று என்ன சாப்பிட்டாய்?" என்று வகுப்பிலே வினவாதிருப்போமாக. அவ்வினா வறிய பிள்ளையை எல்லார் முன்னும் தலைகுனியச் செய்யும். பசித்த பிள்ளையை முகத்திலே கண்டு தனியே அழைத்தல் வேண்டும். வகுப்பிலே வினவத்தக்கது வேறொன்று: "உங்கள் வீட்டிற் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்?" இதற்கு விடை எழுதும் பிள்ளை வறுமையைச் சொல்ல வேண்டுவதில்லை, ஆனால் இதுவரை நோக்காத ஒன்றை அன்றிரவு வீட்டில் நோக்கும். சுகாதார பாடத்தைப் பெண் பிள்ளைகளுக்கு மாத்திரம் உரியதாக ஒதுக்காது, ஆண் பிள்ளைகளும் கீரை ஆயவும், அரிசி களையவும், பரிமாறவும் பழக்குவோமாக.

யான் இவ்வினாவை முதன்முறை வினவிய வகுப்பிலே முப்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தனர். ஏறக்குறைய எல்லாரும் "அம்மா" என்றே எழுதினர். ஒரு சிறுவன் மாத்திரம், "தெரியாது ஐயா, நான் அதற்குமுன் நித்திரையாகிவிடுவேன்" என்று எழுதினான். அவனை யான் கடிந்துகொள்ளவில்லை. ஐம்பது வயது வரையில் யானும் அவ்வாறே நித்திரையில் இருந்தவன்.