கண்டறியாத உயிருக்கும் கடமை உண்டோ?

பயன் தருவதைப் பேணுதல் மனித இயல்பு. பால் தரும் ஆட்டையும் நிழல் தரும் மரத்தையும் பிறர் சொல்லாமலே நாம் காக்கின்றோம். ஆனால் நமக்கு உணவாகாத, நம்மில் ஒருவரும் கண்டிராத ஓர் உயிரினம் அழியுமானால் நாம் இழப்பது யாது? இவ்வினாவை ஒரு சிறு மீன் நம் முன் வைக்கின்றது.

ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ளது டாஸ்மேனியாத் தீவு. 1802ஆம் ஆண்டில் போதேன் என்பாரின் தலைமையில் அங்குச் சென்ற பிரெஞ்சு ஆய்வுக் குழுவில் பெரோன் என்னும் இயற்கை ஆய்வாளர் இருந்தார். அக்கடலில் அவர் சேகரித்தவற்றுள் ‘கைமீன்’ இனத்தைச் சேர்ந்த ஒன்றும் இருந்தது. கைகளைப் போன்ற துடுப்புகளை ஊன்றிக் கடலடித் தரையில் நடந்து திரியும் மீன் வகை இது. 1817இல் அறிஞர் குவியே அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். பாரிஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ள அந்த ஒரே உடலைத் தவிர, அவ்வினத்தின் வேறொரு மீன் எவர் கையிலும் கிடைக்கவில்லை.

பிற மீன்களின் குஞ்சுகள் பல நீரோட்டத்தில் மிதந்து தொலைவிடங்களிலும் குடியேறும். கைமீனோ கடலடியில் முட்டையிடும். குஞ்சு பொரித்த இடத்தருகிலேயே வாழ்நாளைக் கழிக்கும். ஆதலின் அவ்விடம் பாழானால் அதற்குப் போக்கிடம் இல்லை. அக்கடற்பகுதியில் 19ஆம் நூற்றாண்டு தொட்டு 20ஆம் நூற்றாண்டின் இடைக்காலம் கடந்தும், சிப்பி எடுப்போர் கனத்த இரும்புக் கருவிகளால் கடலடியை வாரி இழுத்தனர். சிப்பி மேலே வந்தது. கடலடி வாழ்வு குலைந்தது.

2020இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அம்மீனை ‘அழிந்த இனம்’ என அறிவித்தது. தற்காலத்தில் அழிந்ததாக அறிவிக்கப்பட்ட முதல் கடல்மீன் என்று உலகெங்கும் செய்தி பரவியது. மறு ஆண்டிலேயே அத்தீர்ப்பு மாற்றப்பட்டு, ‘முடிவு கூறப் போதிய தகவல் இல்லை’ என்னும் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. ஓர் இனம் இருக்கின்றதா, இல்லையா என்று உறுதி கூறவும் இயலாத நிலையில் நிற்கின்றது மனித அறிவு!

சிப்பி எடுத்தவர்கள் குற்றவாளிகளா? அவர்கள் அம்மீனைத் தேடிச் செல்லவில்லை; அதன் மீது பகையும் கொள்ளவில்லை. பிள்ளைகளின் பசிக்காகக் கடலை நாடியவர்கள் அவர்கள். நினையாமல் நேர்ந்ததற்காக அவர்களைப் பழித்தல் முறையன்று. ஆனால் ‘அறியேன்’ என்னும் சொல் அறியாதவனுக்கே உரியது. அறிந்த பின்னும் அதையே சொல்பவன் பொய்யனாகின்றான்.

அமானிதமாக ஒரு பெட்டி நம்மிடம் ஒப்படைக்கப்படுகின்றது என்று கொள்வோம். உள்ளே இருப்பது நமக்குப் பயன்படுமா என்று ஆராய்ந்த பின்னரா அதைக் காக்கின்றோம்? திறந்து பாராமலே காப்பதன்றோ அமானிதம்! பூட்டிய பெட்டி தொலைந்தால், அதனுள் ஒன்றுமில்லை என்று உரியவரிடம் நாம் வாதிட முடியுமா? நம் கைகளால் உண்டாகாத எவ்வுயிரும் நம்மிடம் அவ்வாறு ஒப்படைக்கப்பட்டதே.

இக்கடமையை உணர்ந்தோரும் உளர். டாஸ்மேனியாவின் ஹோபர்ட் நகரத்தருகே, புள்ளிக் கைமீன் முட்டையிடும் கடலடி உயிரினங்கள், அயற்கடலிலிருந்து வந்து பெருகிய நட்சத்திர மீன்களால் குறைந்தன. ஆய்வாளர்கள் பீங்கான் குச்சிகளைச் செய்து கடலடியில் நட்டனர். மீன்கள் அவற்றைச் சுற்றி முட்டையிட்டன. சுமார் 100 மட்டுமே எஞ்சியுள்ளதாகக் கணிக்கப்படும் சிவப்புக் கைமீன்களில் 25ஐ, 2023ஆம் ஆண்டின் இறுதியில், கடல்நீர் சூடேறும் என அஞ்சித் தொட்டிகளுக்குக் கொண்டுவந்து பேணினர்.

இம்மீன்களை விற்று எவரும் பொருள் ஈட்டப் போவதில்லை. ஆயினும் அவர்கள் கடலடிக்குச் சென்று குச்சி நடுகின்றனர். பயனைக் கருதாது செய்யும் காவலே கடமை எனப்படும். பயனைக் கருதிச் செய்வது வாணிபமே.