வீடு கொடுத்தால் கடமை முடிந்ததா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! சென்னையில் கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகும் 2015 வெள்ளத்துக்குப் பிறகும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படிப் போயின. “புறம்போக்கில் இருந்தவனுக்கு வீடு கிடைத்திருக்கிறது, இன்னும் என்ன குறை?” என்று நம்மில் பலர் கேட்கிறோம்.

இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனுக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கை புகாரியில் இருக்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கை குடிசைக்காரனுக்கு மட்டும்தானா? நீர்நிலையை மூடி மாடி கட்டியவரை அதே வேகத்தில் காலி செய்தோமா? வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கொண்டுபோன இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. பெருமழை வந்தால் செம்மஞ்சேரியிலும் தண்ணீர் நிற்கிறது.

மதீனாவைப் பாருங்கள். மக்காவிலிருந்து அனைத்தையும் விட்டு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள் ஸஅத் இப்னு ரபீஃ (ரலி). அவர்களோ பரக்கத்துக்கு துஆ செய்துவிட்டு, கடைவீதி எங்கே என்றுதான் கேட்டார்கள். கைனுகா சந்தையைக் காட்டினார்கள். போனார்கள், பாலாடைக்கட்டியும் நெய்யும் கொண்டு திரும்பினார்கள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடம் இருக்கிறது, சந்தை எங்கே? மீன் விற்றவர், மூட்டை தூக்கியவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர், இவர்கள் பிழைப்பு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே வேலை தரத் தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தயக்கம் நம் கடைகளிலும் உண்டு.

இன்னொன்று, சம்மதம். மஸ்ஜிதுந் நபவி எழுந்த இடம் இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. அவர்கள் இலவசமாகத் தர முன்வந்தும், நபி (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே வாங்கினார்கள். கட்டப்போவது அல்லாஹ்வின் வீடு, அதற்கே அப்படி! படிப்பு ஆண்டின் நடுவில் பிள்ளைகளோடு லாரியில் ஏற்றப்படுகிறவரிடம் யார், எப்போது கேட்டார்கள்?

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். நம் கையில் இருப்பதும் உண்டு. ஒரு குடும்பம் இப்படி இடம் மாறினால், பழைய மஹல்லா சந்தாப் புத்தகத்தில் பெயரை அடித்துவிடுகிறது. புதிய இடத்திலோ இன்னும் பெயர் ஏறியிருக்காது. நிக்காஹ் தஃப்தருக்கு எங்கே போவது, மய்யித்தை எந்த கப்ருஸ்தானில் அடக்குவது என்று அவர்கள் அலைகிறார்கள். புது ஜமாஅத் சேர்த்துக்கொள்ளும் வரை பெயரை அடிக்காதீர்கள். முத்தவல்லிகளிடம் இதைத் தொழுகைக்குப் பிறகு பேசவிருக்கிறேன்.