இறையருளில் நம்பிக்கையும் அடியானின் பொறுப்பும்

அல்லாஹ் மன்னிப்பான், தவ்பாவை (பாவத்திலிருந்து மீள்வதை) ஏற்பான், தன்னை நாடி வருபவரைக் கைவிடமாட்டான் என்று நல்லெண்ணம் கொள்வது இஸ்லாத்தில் ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஒரு பகுதி. திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களில் 113 அத்தியாயங்கள் அவனுடைய அருளைச் சொல்லியே தொடங்குகின்றன. பாவங்களால் தமக்கே தீங்கிழைத்துக்கொண்டவர்களும் அவ்வருளில் நம்பிக்கை இழக்கலாகாது என்கிறது அஸ்ஸுமர் அத்தியாயத்தின் 53ஆம் வசனம். மகன் யூஸுஃபைப் பிரிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்பும், அவரைத் தேடிப் பார்க்கும்படி யஃகூப் நபி தம் மக்களை அனுப்பியது இந்த நம்பிக்கையினால்தான்.

அருள் இவ்வளவு விரிந்ததென்றால், அந்த நம்பிக்கையே பாவத்திற்குத் துணிவு தந்துவிடாதா என்ற கேள்வி எழுகிறது.

புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் உள்ள ஒரு நபிமொழி இதற்கு வழிகாட்டுகிறது. தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்ற ஒருவன், தனக்கு மன்னிப்பு உண்டா என்று ஒரு துறவியிடம் கேட்டான். இல்லை என்றதும் அவரையும் கொன்றான். பின்னர் ஓர் அறிஞரிடம் சென்றான். மன்னிப்பின் வாசல் திறந்திருக்கிறது என்ற அவர், தீயோர் வாழும் தன் ஊரை விட்டு நல்லோர் வாழும் ஊருக்குச் செல்லுமாறும் சொன்னார். அவன் புறப்பட்டான், வழியிலேயே இறந்தான். தன் ஊரைவிட நல்லோரின் ஊருக்கு ஒரு சாண் அளவு கூடுதலாக நெருங்கியிருந்ததால் அருளின் வானவர்கள் அவனை ஏற்றனர். துறவியின் பதில் அவனை மேலும் ஒரு கொலைக்குத் தள்ளியது. அறிஞரின் பதில் அவனை நல்வழியில் நடக்க வைத்தது.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் உண்மையான நம்பிக்கைக்கும் வெற்று எதிர்பார்ப்புக்கும் உள்ள வேறுபாட்டை உழவைக் கொண்டு விளக்குகிறார். நல்ல நிலத்தில் விதைத்து, நீர் பாய்ச்சி, களை எடுத்தபின் விளைச்சலை இறைவனிடம் எதிர்பார்ப்பதே நம்பிக்கை. களர்நிலத்தில் விதைத்து, கவனிக்காமலும் விட்டுவிட்டு அறுவடைக்குக் காத்திருப்பது ஏமாளித்தனம். அவருக்கு முன்பே அறிஞர் ஹஸன் பஸரியும், இறைவன்மீது உண்மையில் நல்லெண்ணம் கொண்டவர் நற்செயலும் செய்வார் என்று எச்சரித்தார்.

பிறர் உரிமை சார்ந்த பாவங்களில் இந்த அளவுகோல் இன்னும் கண்டிப்பானது. பாவத்தை விடுவது, வருந்துவது, மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்வது ஆகிய மூன்றோடு, பறித்ததைத் திருப்பித் தருவதையும் தவ்பாவின் நிபந்தனையாக இமாம் நவவி குறிப்பிடுகிறார். திருப்பித் தர வழியே இல்லாதவர் இறைவனின் கருணையை நாடலாம். தர இயன்றும் தராமல் மன்னிப்பை எதிர்பார்ப்பவரோ, உரியவருக்குச் செய்த அநீதியையே நீட்டிக்கிறார்.

உடல்நலத்தோடு இருக்கையில் அச்சமும் நம்பிக்கையும் சேர்ந்திருக்க வேண்டும். மரணம் நெருங்கும்போது நம்பிக்கையே மேலோங்க வேண்டும் என்பர் அறிஞர். தம் மரணத்திற்கு மூன்று நாட்களுக்கு முன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அல்லாஹ்வின் மீது நல்லெண்ணம் கொண்ட நிலையிலேயே ஒவ்வொருவரும் மரணிக்க வேண்டும் என்று அறிவுறுத்தியதாக நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்.

இந்த நம்பிக்கை பிறருக்கும் உரியது. இன்னாரை அல்லாஹ் மன்னிக்கமாட்டான் என்று ஆணையிட்டுச் சொன்னவனின் செயல்கள் அழிந்தன, அந்த இன்னாரோ மன்னிக்கப்பட்டார் என்று மற்றொரு நபிமொழி கூறுகிறது. ஆகவே, தன் குற்றத்தைத் திருத்திக்கொள்ள முனைவதும், பிறர் திருந்தும் வழியை அடைக்காதிருப்பதுமே இறையருளை நம்புபவரின் கடமை.