ஒருவர் சாப்பிட்ட ரசீது

செய்ச்சோ மாட்சுமோட்டோவின் ‘புள்ளிகளும் கோடுகளும்’. ஜப்பானில் 1958இல் புத்தகமாக வந்த துப்பறியும் நாவல். தொடக்கத்தில் எது ஊர், எது ஆள் என்றே பிரியவில்லை. ஹகாட்டா, கஷீ, கமகுரா என்று ஒரு தாளில் எழுதிக் கோடு இழுத்து வைத்துக்கொண்டேன்.

*

கஷீ கடற்கரை, பனிக்காலம், விடிகாலை. பாறைமேல் ஓர் ஆணும் பெண்ணும் ஒட்டிக் கிடக்கிறார்கள். சயனைடு. ஊழல் விசாரணையில் சிக்கிய அமைச்சகத்து அதிகாரி அந்த ஆண். காதலர்கள் சேர்ந்து செத்திருக்கிறார்கள் என்று போலீஸ் முடிவு கட்டிவிடுகிறது. அதற்கு அங்கே தனிச் சொல்லே உண்டு: ஷின்ஜூ. 1703லேயே சிக்கமட்சு அதை வைத்துப் பொம்மலாட்ட நாடகம் எழுதிவிட்டார். கதை தயாராக இருக்கிறது. பிணங்களைக் கொண்டுபோய் அதில் கிடத்தினால் போதும்.

*

டோக்கியோ நிலையம். 13ஆம் பிளாட்ஃபாரத்தில் நின்றால் 15ஆம் பிளாட்ஃபாரம் மறைப்பில்லாமல் தெரிவது மாலை 5.57 முதல் 6.01 வரை. நாலே நிமிடம். பிறகு ரயில் வந்து மறைத்துவிடும். அந்த நாலு நிமிடத்தில்தான் அந்த ஜோடியைச் சிலர் பார்க்கிறார்கள். ரயில் பிசகாது என்கிற நம்பிக்கையின்மேல் கட்டிய சூழ்ச்சி. வண்டி வந்தால்தான் நிஜம் என்று வளர்ந்த எனக்குச் சிரிப்பு வந்தது.

*

இறந்த அதிகாரியிடம் ஒரு ரசீது. ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் கொடுத்தது. ஒருவர் சாப்பிட்டதாக இருக்கிறது. டொரிகாய் என்ற மூத்த போலீஸ்காரர் அதிலேயே நிற்கிறார். சேர்ந்து சாகப் போகிறவள் ஏன் கூட வந்து உட்காரவில்லை? வீட்டில் மகளைக் கேட்கிறார். பசிக்காவிட்டாலும் கூடப் போவேன் என்கிறாள்.

*

வெளியாள் கண்ணுக்குத்தான் எல்லாம் துலங்கும் என்று இருந்தேன். அப்படியில்லை. கடலையும் பெயர்களையும் வேடிக்கை பார்த்தபடி அந்த ரசீதை நான் தாண்டிப் போயிருந்தேன். நின்றவர் உள்ளூர்க்காரர். பெண் பிள்ளையை வளர்த்தவர்.

*

புத்தகத்தை மூடியபின் நினைவுக்கு வந்தது வேறொன்று. இளம்பெண் தற்கொலை, காரணம் தீராத வயிற்று வலி. நம் பத்திரிகைகளில் சின்ன எழுத்தில் எத்தனை முறை வாசித்திருப்பேன். வாசித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருப்பேன், காப்பி ஆறுவதற்குள்.