கொழுந்துக்கு ஏறும் சாறு

வால்பாறையில் கவாத்து முடிந்த தேயிலைக் காடு மறுபடி துளிர்க்கும்போது அசுவினியும் வந்துவிடும். இளங்கொழுந்தின் அடியில் கறுப்பும் பழுப்புமாக அப்பிக்கிடக்கும். இலை சுருளும், தேன்போன்ற கழிவு சொட்டும், எறும்பு ஏறும். தேயிலைக் கொசு அளவுக்கு யாரும் இதற்குப் பயப்படுவதில்லை. ஆனால், இது எப்படிக் குடிக்கிறது என்று கண்டுபிடித்த கதை என்னை விடுவதேயில்லை.

இலைக்குள் நுழைந்த அசுவினியின் ஊசிவாயை வெளியிலிருந்து பார்க்க முடியாது. 1964இல் கலிபோர்னியாவில் மெக்லீனும் கின்சியும் அதற்கு மின்சாரத்தைத் துணைக்கு அழைத்தார்கள். பிறகு நெதர்லாந்தின் யாலிங்கி அந்த முறையைச் செம்மைப்படுத்தினார். தலைமுடியைவிட மெல்லிய தங்கக்கம்பியை வெள்ளிப்பசையால் அசுவினியின் முதுகில் ஒட்டுவார்கள். இன்னொரு கம்பி தொட்டி மண்ணில். ஊசிவாய் செடிக்குள் இறங்கியதும் மின்சுற்று முழுமையாகிறது. வழியில் ஒவ்வொரு செல்லைக் குத்தும்போதும் மின்னழுத்தம் சில விநாடிகள் சரிந்து மீள்வது திரையில் தெரியும். கோவைப் பக்கத்துப் பப்பாளித் தோட்டங்களை வாட்டும் வளையப்புள்ளி வைரஸை அசுவினி பரப்ப இந்தச் சிறு குத்தே போதும். மருந்து பூச்சியைக் கொல்வதற்குள் நோய் ஏறிவிடும். சிறுமலை வாழையை அழித்த முடிக்கொத்து வைரஸ் அப்படியில்லை. அதற்கு அசுவினி சாற்றுக்குழாய் வரை போய் நெடுநேரம் குடித்தாக வேண்டும்.

அந்தக் குடிப்பில்தான் வியப்பு இருக்கிறது. 1953இல் கென்னடியும் மிட்லரும் வெளியிட்ட முறையில், குடித்துக்கொண்டிருக்கும் அசுவினியின் உடலை வெட்டி எடுத்துவிட்டு ஊசிவாயை மட்டும் செடியில் விட்டுவைப்பார்கள். உறிஞ்சப் பூச்சியே இல்லை. ஆனாலும் வெட்டிய முனையில் சாறு துளித்துளியாக மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும், திறந்துவிட்ட குழாய்போல. அசுவினி இழுத்ததைவிடச் செடி தள்ளியதே அதிகம்.

அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? முற்றிய இலை வெயிலில் சர்க்கரை செய்து குழாயில் ஏற்றுகிறது. தண்ணீர் பின்னாலேயே புகுந்து அதை உந்துகிறது. போகும் இடங்களில் ஒன்று வளரும் கொழுந்து. கூடையோடு நிரையில் நிற்பவரும் அந்தக் கொழுந்துக்காகத்தான் நிற்கிறார். கவாத்துக் கத்தியாலும் தழைச்சத்தாலும் நாம் பாடுபட்டு அங்கே வரவழைக்கும் வளத்தைத்தான் அசுவினியும் தேடி வருகிறது. அது எங்கிருந்தோ வந்து நம் உழைப்பில் புகுந்த பகை என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. நாம் செடியிடம் கேட்டது கிடைத்துவிட்டது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. மருந்துத் தெளிப்பானைத் தூக்குமுன் சுருண்ட இலையைப் பிரித்துப் பாருங்கள். பொறிவண்டின் புழு பல சமயம் அதற்குள் வேலையைத் தொடங்கியிருக்கும்.